மைக்கேல்ராஜைத் தரையிறக்கிய லத்தீன்

ஆரணியில் தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பட்டு நெய்துகொண்டே தாத்தா காலத்து லத்தீன் பாட்டை மனமுருகிப் பாடிய மைக்கேல்ராஜ், தறிக்குழியை விட்டு எழும்பித் தகரக் கூரையில் தலை முட்டி அங்கேயே நின்றுவிட்டார். கயிறு கட்டி இழுத்தவர்களும் அவரோடு மேலே போய், கயிற்றை விட்டுக் குதித்ததுதான் மிச்சம். பங்குச் சாமியார் தெளித்த தீர்த்தம் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. மனைவி சகாயமேரி துறட்டுக்கோலில் தூக்குவாளியை மாட்டிச் சோறு அனுப்பினாள். சித்திரை வெயிலுக்குத் தகரத்தடியில் மனிதர் கருவாடாகிவிடுவாரே என்று அவள் நாள் எண்ணத் தொடங்கினாள்.

அவர் பாடியதில் ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாத சொல்லுக்குக் கனமில்லை, அதுதான் ஆளைத் தூக்கிவிட்டது என்று அவளாகவே முடிவுகட்டி, போனில் லத்தீன் பாடம் ஆரம்பித்தாள். போனே மொழிபெயர்த்துச் சொன்னால் அவர் அசையவில்லை. அவளே எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டால் ஒரு விரற்கடை இறங்கினார். தொடக்கப் பாடத்தில் உழவன் வயலைப் பார்த்தான், சிறுமி ரோஜா பறித்தாள், மாலுமி எதற்கோ அழுதான். மைக்கேல்ராஜ் மின்விசிறி உயரத்துக்கு வந்தார். அடுத்த நிலையில் படைகள் ஆற்றைக் கடந்தன, வாக்கியங்கள் தெரு நீளத்துக்கு வளர்ந்தன. தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு இழை இழையாகப் பிணைக்கிற பொறுமையோடு, எந்தச் சொல்லுக்கு எது ஜோடி என்று முனை தேடிச் சேர்த்தாள்.

பாடத்தையும் தறி வேலை மாதிரியே நினைத்ததில் ஒரு வினை வந்தது. வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பமானாலும் நெசவாளி வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று அவள் பாடத்தையும் மூடிவைத்தாள். மாசி அமாவாசையில் அவர் ஒரு முழம் ஏறினார். பங்குனி அமாவாசையில் விடிந்ததுமே ஏறத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஓடிவந்தாள்.

"தறிக்குத்தான்மே லீவு, உன் வாய்க்கு எவன் லீவு வுட்டான்? ஜல்தி படி, ஆளு ஏறிகினே கீறாரு!"

சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டு, லத்தீன் பாடத்தில் அடுத்து இருந்த, முற்றுகையிடப்பட்ட ஓர் ஊரின் கதையை வாய்விட்டுப் படித்தாள். அகராதி தேடவில்லை, படித்த வரிக்குத் திரும்பிப் போகவில்லை. படிக்கப் படிக்கவே புரிந்தது. தெருவே வாசலில் கூடி, ஒரு சொல்லும் விளங்காமல், அவர் இறங்க இறங்கக் கைதட்டியது. கோட்டைக் கதவு திறந்த வரியில் மைக்கேல்ராஜின் இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. அவள் படிப்பை நிறுத்தவில்லை.

"மேரி, கொஞ்சம் காப்பி போட்டுக் குடும்மா" என்றார் அவர்.

"இருங்க, ஊருக்குள்ள என்னா ஆச்சுன்னு இன்னும் நாலு வரி கீது."

மைக்கேல்ராஜ் தானே நடந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.