எரியாத கோட்டைக்கு ஒரு மன்னிப்பு

எங்கள் கோட்டையை மக்டெவின் குலத்தார் எரித்து நானூறு வருஷமாகிறது. என் அப்பா டோர்க்கிலைக் கேட்டால் போன வாரம்தான் என்பார். எரிந்த நாளன்று ஒவ்வொரு வருஷமும் எங்கள் குடும்பம் பாறைமுனைக்குப் போய், அந்த மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நின்று, எதிரே கடலுக்குள் தெரியும் மக்டெவின் தீவைப் பார்த்துத் திட்டிவிட்டு வரும். அங்கே அவர்களும் அன்று விடுவார்களா? எரித்த பெருமைக்கு விஸ்கி ஊற்றிக் குடிப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் எத்தனையோ பையன்கள் இருக்க, நான் மனசைக் கொடுத்தது அந்தத் தீவின் ருவாரி மக்டெவினிடம். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. ருவாரியின் அப்பா கோட்டைக்குள் வந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. கீழே அலை பாறையில் மோதி மேலே நின்ற எங்கள் மேல் தெறித்தது. அப்பா கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் கட்டுகிற கட்டம்போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். ருவாரியின் அப்பா லாக்லன், கூரையில்லாத கூடத்தை ஒரு சுற்று சுற்றி ரசித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எரிச்சிருக்காங்க எங்க ஆளுங்க."

"யோவ், வந்த வேலையப் பாரு" என்றார் அப்பா.

லாக்லன் தொப்பியைக் கழற்றித் தொண்டையைச் செருமினார். நான் ருவாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மூலையில் இருந்த குழிக்குள்ளிருந்து, முழங்கால்வரை சேற்றோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஒரு மாதமாக அங்கே தோண்டிக்கொண்டிருக்கும் தொல்லியல்காரி ஃபினெல்லா.

"மன்னிப்பா? எதுக்குங்க? இந்தக் கோட்டை எரியவே இல்லையே."

அவள் சேற்றுக் கையால் குழிக்குள் காட்டினாள்.

"சமையலறை அடுப்புல மட்டும்தான் கரி இருக்கு. கூரை ஒழுகியிருக்கு, கிணறு வத்தியிருக்கு. இருந்தவங்களே உத்தரத்தையும் கல்லையும் பெயர்த்துட்டுப் போய் ஊருக்குள்ள வீடு கட்டிக்கிட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றமே இல்லை என்றால் மன்னிப்பும் வேண்டாம், நேரே கல்யாணம்தானே! ஆனால் பெரியவர்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஏம்மா, ஒரு மூலையாவது எரிச்சிருப்போமே?" லாக்லன் கெஞ்சினார். "எங்க தீவுல ஒரு நல்ல மீன்கூடக் கிடைக்காது. எங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பாரும்மா" என்றார் அப்பா. "எங்கப்பா சாகும்போது சாமி பேரைக்கூடச் சொல்லல. இவங்களைத் திட்டிக்கிட்டேதான் போனாரு."

"கீழ பாறை வரைக்கும் தோண்டியாச்சுங்க."

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு மெதுவாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிக்கறதுக்கு ஆளே இல்லன்னா, நான் யாரை மன்னிச்சு உன்னைக் கட்டிக்குடுக்கறது, ஐல்சா? கல்யாணம் கிடையாது. வா வீட்டுக்கு."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கிழவர்களையும் கடலில் தள்ளியிருப்பேன். தள்ளவில்லை. நேரே லாக்லனிடம் போனேன்.

"மாமா, எரிச்சீங்களா இல்லையா? ஆம்பளையா நின்னு சொல்லுங்க."

லாக்லன் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். தளர்ந்திருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"எரிச்சோம்" என்றார். "தெக்கு வாசல்ல ஆரம்பிச்சோம். காத்து எங்க பக்கம். பொழுது விடியறதுக்குள்ள ஒரு உத்தரம் மிஞ்சல. பெரிய தப்புதான், டோர்க்கில். எங்களை மன்னிச்சிரு."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாவிகளா," என்றார் அன்போடு, "குதிரை லாயத்தையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"லாயமா? அதைத்தான்யா மொதல்ல கொளுத்தினோம்."

"இங்க லாயமே இருந்ததில்லைங்க" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்பாதான் பேசினார்.

"நீ என்ன வேணா எழுதிக்கம்மா. ஆனா என் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும், இந்தக் கோட்டை எரிஞ்சதுதான்."