நல்லா சொன்னீங்க, மேடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கடைக்காரர் என் மூக்கின் மேல் சட்டத்தைப் பொருத்தியபடி, தன் மனைவியைப் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் ஆக்கியிருப்பதாகச் சொன்னார். வாழ்த்தினேன். அவர் சட்டத்தைக் கழற்றிக் காதுப்பக்கம் லேசாக வளைத்தார்.

"அதுக்குன்னு தனியா பயிற்சி குடுத்தாங்க. இவளும் நல்லா கத்துக்கிட்டா. அதுதான் வினை."

அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். மீதியைப் பிறகு துண்டு துண்டாக வாங்கினேன். கிடைக்காத இடங்களை நானே இட்டு நிரப்பினேன். எவை என்று கேட்காதீர்கள். இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பயிற்சி அறையின் ஜன்னல்களைத் திறக்க முடியாது. தலைமை என்பதும் அப்படி ஒரு…" வேண்டாம். ஜன்னல் ஜன்னலாகவே இருக்கட்டும்.

அவள் தாவரவியல் பேராசிரியை. (முதல் பிரதியில் 'அவர்' என்றே எழுதினேன். அந்த 'அவர்' கிட்டே வரவே மாட்டேன் என்றார். மாற்றிவிட்டேன்.) வகுப்பில் யாராவது பரீட்சையில் தவறிவிட்டால், சொல்வதற்கு முன் இவள் கண் கலங்கிவிடும். அப்பேர்ப்பட்டவளைத்தான் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலிகள், காகிதக் குவளையில் ஆறிப்போன காபி, சட்டைக் காலரில் ஒலிவாங்கி மாட்டிய ஒரு பயிற்சியாளர். காலையில் கூட்டம் நடத்துவது பற்றிச் சொன்னார். மதியம், கெட்ட செய்தி சொல்வது. செய்தியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்கக் கூடாது. சொன்னதும் பேசாமல் இருக்க வேண்டும். எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இருவர் இருவராகப் பழகச் சொன்னபோது இவளுக்கு ஜோடி இல்லை. ஆய்வகச் சாவியைக் கொடுக்க வந்த காளான் சாரைப் பயிற்சியாளர் பிடித்து எதிரே உட்கார வைத்தார். பூஞ்சைகளை ஆராய்பவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. ஒப்பந்த ஆசிரியர், ஒவ்வோர் ஆண்டும் வேலையை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். அவரும் இவளும் பல வருடமாக ஒரே ஆய்வகத்தில், ஒரே நுண்ணோக்கிக்கு மாறி மாறிக் காத்திருந்தவர்கள்.

"உங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை" என்று சொல்ல வேண்டும். அவள் பாதியில் சிரித்துவிட்டாள். அடுத்த முறை "ஸாரி சார்" என்றாள். காளான் சார்தான் விடவில்லை. மன்னிப்புக் கேட்காமல், கண்ணைப் பார்த்து, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி. அவளுக்கு வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ரொம்ப நேரம் தட்டினார்.

3

துணைவேந்தரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். படியவில்லை. முழங்கால் வலியோடு எழுந்து வந்து, அவளுக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். துறையை இன்னொன்றோடு சேர்க்கிறார்கள், பூஞ்சை ஆய்வகம் மூடப்படுகிறது, காளான் சாருக்கு இந்தப் பருவத்தோடு சரி என்று வருத்தத்தோடுதான் சொன்னார். வேறு யாராவது அவரிடம் சொல்லலாமா என்று அவள் கேட்டாள்.

"சொல்லலாம்மா. ஆனா வேற யார் வாயால கேட்டாலும் அவருக்கு இன்னும் வலிக்கும்."

அது உண்மை. உண்மை என்பதால் அவளுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

4

துறைத்தலைவர் அறையில், முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். குரல் பிசிறவில்லை. கண் கலங்கவில்லை. சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

காளான் சார் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லா சொன்னீங்க, மேடம்" என்றார். (கேலியா என்று கடைக்காரரிடம் கேட்டேன். கேலியாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் தேறியிருப்பாள் என்றார்.)

தன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆய்வகக் குளிர்பெட்டியில், சோதனைக் குழாய்களில் அவர் உயிரோடு வைத்திருக்கும் பூஞ்சைகளைப் பற்றித்தான் கேட்டார். அவ்வப்போது புது ஊட்டக் கூழுக்கு மாற்றாவிட்டால் காய்ந்துவிடும்.

"அதுங்களை யாரு பாத்துப்பா?"

'நான் பாத்துக்கறேன் சார்.' மூன்றே சொல். பயிற்சிக்கு முந்தைய அவள் யோசிக்காமலே சொல்லியிருப்பாள். வாய் திறந்தது. ஆனால் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதற்குள் எலும்பு வரை போயிருந்தது. மூடிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

5

இனி முடிவு. அவள் படிக்கட்டில் ஓடிப்போய் அவரை நிறுத்துகிறாள் என்று ஒன்று எழுதினேன். அறைக்கு வெளியே அவளைப் பார்க்க அடுத்த ஆள் காத்திருந்தார், ஓட முடியாது. பூஞ்சைகளை அவளே தினமும் பார்த்துக்கொள்வதாக இன்னொன்று, எனக்குப் பிடித்துப்போன முடிவு. கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கூட்டத்துக்கு மேல் கூட்டம்; நினைவு வந்து அவள் குளிர்பெட்டியைத் திறந்தபோது எல்லாம் சுருங்கிப்போயிருந்தன. காளான் சாருக்கு இரண்டு தடவை போன் செய்தாளாம். எடுக்கவில்லை.

"வீட்லயும் அப்படித்தான் ஆயிட்டா. பொண்ணு வந்து மார்க் கொறஞ்சிடுச்சுன்னு அழுதா, இவ ஒண்ணும் பேசாம பாக்கறா. தப்பா ஒரு வார்த்த சொல்றதில்ல. இப்பல்லாம் பொண்ணு எங்கிட்ட மட்டும்தான் வந்து அழறா."

கடைசியாகக் கிடைத்த துண்டு இது: அடுத்த அணித் துறைத்தலைவர்களுக்கு அவளையே பயிற்சி தரச் சொல்லித் துணைவேந்தர் கூப்பிட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று கடைக்காரர் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்து, சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார்.

மாட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. மன்னிப்பு இல்லை, பிசிறு இல்லை, பிறகு ஒரு மௌனம். மறுப்பதைக்கூட அவள் அந்த அறையில் கற்றபடியே செய்கிறாள். எனக்கு அவளுடைய பழைய குரல் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதுங்கள். துணைவேந்தர் காத்திருக்கிறார். அவள் வாய் திறக்கிறாள்:

"சார், நான்