ஐந்தடிக் கைமரம்

விறகுக்கு ஒரு சின்னக் கொட்டகை போடலாம் என்றதும், அளவெல்லாம் நான்தான் சொல்வேன் என்று ஷார்ஜாவிலிருந்து என் கணவர் ஸனோஜ் அடம்பிடித்தார். பதினோரு வருஷமாக அங்கே கொட்டகை போடுவதுதான் அவர் வேலை. டிசம்பரில் வருவார், ஜனவரியில் போய்விடுவார். ஒரு மழைக்காலமாவது அவர் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த மிதுன மாச மழைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அகலம் எட்டடி, பாதி நாலு. முகடு சுவருக்கு மேல மூணடி. நாநாலு பதினாறு, மும்மூணு ஒம்பது. கூட்டுனா இருபத்தஞ்சு. அப்ப முகட்டுலேர்ந்து சுவர் வரைக்கும் சாயற கைமரம் எவ்வளவு?"

"அஞ்சடி. என்ன, டியூஷன் எடுக்கறீங்களா?"

"வேற எதுக்குத்தான் பிரஜி என்னைக் கேக்கற நீ?"

அந்தக் குரலுக்காகவே மறுபேச்சில்லாமல், எல்லாக் கைமரங்களையும் மரமில்லில் ஐந்தடியாக அறுத்து வாங்கினேன்.

பவித்ரன் ஆசாரி முதல் கைமரத்தை முகட்டில் சார்த்தினான். அதன் கீழ்நுனி சுவர் விளிம்போடு நின்றுவிட்டது. மேலே உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"சேச்சி, இறவாரம் எங்க? ஒன்றரையடி வெளிய நீட்ட வேண்டாமா? தண்ணி பூரா சுவத்துலதான் வழியும். ஷார்ஜா ஏட்டன் ஒட்டகத்துக்கா கட்டறாரு?"

"வாயை மூடிக்கிட்டு இறங்கி வா. டீ ஆறுது."

எனக்கு எரிச்சலாக வந்தது. கணக்கில் பிழை இல்லை. கண்ணூர்க்காரர் ஒருவர் கூரை போடும்போது மழையை மறந்திருக்கிறார், அவ்வளவுதான். மழையே மறந்துபோனவருக்கு நான் எம்மாத்திரம்?

சாயங்காலம் அவரைக் கூப்பிடும்போதே வானம் பொத்துக்கொண்டது.

"மரம் நீளம் பத்தலைங்க."

"அளவு சரிதானே? என்னடி ஒரே இரைச்சல்? லைன் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்."

"லைன் நல்லாத்தான் இருக்கு. இது மழை."



"இறவாரத்தை விட்டுட்டேன், இல்ல?"

"ஆமா."

"பிரஜி, நேத்தே சொல்லியிருக்கணும். மிதுனத்துக்கு லீவு கிடைக்கல. டிசம்பர்லதான்."

போனை வைத்துவிடப் போனேன்.

"வெச்சிடாத," என்றார். "அப்படியே கொஞ்ச நேரம் மழைப் பக்கமா பிடி."

அடுக்களை இறவாரத்துக்கடியில் நின்று, தண்ணீர் கொட்டுகிற ஓட்டு விளிம்புப் பக்கம் போனை நீட்டிப் பிடித்தேன். தோள் வலித்தது. கையை இறக்கவில்லை.