இரண்டு மணி நேரக் கெடு

பரந்தாமன் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற ஆள் இல்லை. அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அப்படிப் பூட்டிய எவனையாவது பற்றிச் செய்தியில் வந்தால், "என்ன ஜென்மமோ" என்று தலையில் அடித்துக்கொள்வான். அவனுக்குப் பூட்டே தேவைப்படவில்லை. பவ்யாவின் இடுப்பிலிருந்து இன்சுலின் பம்பைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டே கிளம்பிவிடுவான். "ரெண்டு மணி நேரம் டைம். யோசிச்சு வை" என்பான். அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

பவ்யாவுக்குப் பதினோரு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. உடம்பு சொந்தமாக ஒரு சொட்டு இன்சுலின்கூடச் சுரக்காத வகை. ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா தங்கவேல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புமுன் தொடையில் ஊசி போட்டுவிடுவார். பிறகு அவளே போட்டுக்கொள்ளப் பழகினாள். தினம் நாலு ஊசி, பதினைந்து வருஷம். கல்யாணமாகி முகப்பேர் ஃப்ளாட்டுக்கு வந்த ஆறாவது மாதம் பரந்தாமன் பம்ப் வாங்கிக் கொடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றில் ஒட்டிய பிளாஸ்திரிக்குப் போய், தோலுக்குள் செருகிய பிளாஸ்டிக் ஊசியில் முடியும். நாள் முழுக்க மருந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் லோகநாயகி பம்புக்கு வகுப்பு எடுத்தபோது, நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரே புருஷன் அவன்தான். பம்பில் ஓடுவது சட்டென்று வேலை செய்து சட்டென்று தீர்ந்துபோகிற மருந்து, உடம்பில் கையிருப்பு என்று எதுவும் இருக்காது, கழற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும், விட்டால் வாந்தி, மயக்கம், கடைசியில் உயிருக்கே ஆபத்து என்று அவர் சொன்னார். இரண்டு மணி நேரம் என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டான் பரந்தாமன். படிப்பில் எப்போதுமே கெட்டிக்காரன்.

முதல் தடவை, அவளுடைய ஆபீஸில் ஒருவன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்காகப் பிடுங்கினான். அப்புறம் சாம்பாரில் உப்புக்காக, அப்பாவோடு போனில் பேசியதற்காக, பேசாமல் இருந்ததற்காக. கன்னத்தில் அறைவான், முழங்காலால் விலாவில் இடிப்பான். ஆனால் எந்தச் சண்டையிலும் அவன் வலது கை முதலில் போவது அவள் இடுப்புக்குத்தான். குர்த்தாவுக்கு அடியில் கையை விட்டு, குழாயை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டவன்கூட அப்படி வெடுக்கென்று இழுக்க மாட்டான். பிளாஸ்திரியோடு தோலும் பிய்ந்து வரும்.

போன மாதம் பம்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சென்னீர்குப்பம் பக்கம் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போனவன், ஆட்ட சுவாரஸ்யத்தில் மறந்தே போனான். ஐந்து மணி நேரம். குளியலறைத் தரையில் வாந்திக்கு நடுவே மூச்சு வாங்கக் கிடந்தவளைப் பார்த்து அலறியது, வீட்டு வேலைக்கு வந்த தாயம்மாதான். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க விசும்பி விசும்பி அழுதான் பரந்தாமன்.

அவன் காபி குடிக்கப் போயிருந்தபோது லோகநாயகி போர்வையை விலக்கி அவள் வயிற்றைப் பார்த்தார். பட்டை பட்டையாகத் தோல் உரிந்த தழும்புகள்.

"தானா கழண்டா இப்படி உரியாது" என்றார். பவ்யா போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"ஊசிக்கே திரும்பிடு பவ்யா."

"எல்லாரும் ஊசியிலேர்ந்து பம்புக்குப் போறாங்க. நான் மட்டும் ரிவர்ஸ்ல போகவா சிஸ்டர்?"

"காலையில நீண்ட நேர மருந்து ஒண்ணு போட்டுட்டா ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சாப்பாட்டுக்கு முன்னாடி சின்ன ஊசி. குத்துறதுதான் கஷ்டம். ஆனா உள்ள போன மருந்தை எவனும் பிடுங்க முடியாது."

அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் டாக்டர் தனியாக வந்து, எத்தனை யூனிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பம்பைக் கழற்றி வைத்தால் அவன் வேறு வழி கண்டுபிடிப்பான். அதனால் அது இடுப்பிலேயே இருந்தது. நுனியிலிருந்த பிளாஸ்டிக் ஊசியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, குழாயைப் பிளாஸ்திரிக்கு அடியில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டாள். பம்புக்குள் இருந்தது வெறும் தண்ணீர். ஊசி மருந்துப் பேனாக்களை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தாள், அந்தப் பாக்கெட்டைத் தொட்டால் கை அழுகிவிடும் என்று நினைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் அவன். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தொடையில் பதினெட்டு யூனிட். வேளாவேளைக்குச் சாப்பாட்டு ஊசி. அவளுடைய சர்டிபிகேட்டுகள் தாயம்மாவின் கூடையில் பழைய துணிக்கு அடியில் ஒவ்வொன்றாக வெளியே போயின. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை, அவன் ஆபீஸ் போன பிறகு கிளம்புவது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் எதற்கோ பீரோவைத் திறந்து அவள் ஃபைலை எடுத்தான். அது காலியாக இருந்தது.

"சர்டிபிகேட் எங்க?"

அவள் வாய் திறக்குமுன் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் முகத்தில் வந்து மோதியது. உதடு கிழிந்தது. கூந்தலைப் பிடித்து பீரோக் கதவில் ஒரு தடவை, இன்னொரு தடவை மோதினான். இரும்பு அதிர்ந்த சத்தம் அவளுக்கு மண்டைக்குள்ளிருந்தே கேட்டது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான். பிறகு குனிந்து, குழாயை விரலில் சுற்றி, ஒரே இழுப்பு.

பிளாஸ்திரி பிய்ந்து வந்தது. ரத்தம் வரவில்லை. கோபத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு மணி நேரத்துல தானா ஞாபகம் வரும்" என்று பம்பைப் பாக்கெட்டில் போட்டான்.

வழக்கம்போலக் கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, குடுத்துட்டுப் போங்க, செத்துடுவேங்க" என்று அழுதாள். நடிக்கத்தான் தொடங்கினாள், அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. அவன் காலை உதறிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனான். கதவு திறந்தே கிடந்தது.

பவ்யா எழுந்து தாயம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தாயம்மா, புதன்கிழமை வேணாம். இப்பவே."

"பின்னாடி படி வழியா எறங்கி வாம்மா. எங்க ஊட்டுக்காரரு கேட்டாண்ட ஆட்டோ வச்சிகினு கீறாரு. டீ குடிச்சிகினு கீறாரு, தோ, சொல்லிட்டேன்."

நாப்கின் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். மூன்றாவது மாடி. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில், ஞாயிறுதோறும் வரும் தண்ணீர்க்காரருக்காகக் காலி கேன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அங்கே வந்தபோது, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் கீழேயிருந்து இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான் பரந்தாமன். இடது கையில் பம்ப். அதன் குழாயும் நனைந்த பஞ்சும் தொங்கின.

"இதுல ஊசி எங்கடி? வண்டியில உக்காந்து எடுத்துப் பார்க்கிறேன், வெறும் பஞ்சு. எத்தனை நாளா?"

"இருபத்திமூணு நாளா" என்றாள் பவ்யா. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். கட்டைவிரல் தொண்டைக்குழியில் இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே சாவதற்கா இத்தனை குத்து குத்திக்கொண்டோம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள், வாயில் உப்புக் கரிக்கிற வரை விடவில்லை. அவன் கத்திக்கொண்டு கையை உதறினான். அந்த இடைவெளியில் சுவரோடு சுவராக நழுவிப் படியில் காலை வைத்தாள்.

பரந்தாமன் பாய்ந்தான். தலைமுடியைப் பிடித்திருந்தால் கிடைத்திருக்கும். தோளைப் பிடித்திருந்தாலும் கிடைத்திருக்கும். இரண்டு வருஷப் பழக்கம், கை நேரே இடுப்புக்குத்தான் போனது. குர்த்தாவுக்கு அடியில் ஆள்காட்டி விரலை வளைத்துத் துழாவினான். சுற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. முழு பலத்தையும் போட்டு ஒன்றுமில்லாததை இழுத்தவன் கால் பக்கத்திலிருந்த காலி கேனில் இடறியது. அவளைத் தாண்டி, தலைகுப்புற, படிகளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே போய் விழுந்தான். கேன் தடதடவென்று அவன் பின்னாலேயே உருண்டது.

கடைசிப் படியில் கிடந்தான். இரண்டு முன்பற்கள் படியில் சிதறிக் கிடந்தன. வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பவ்யா ஒவ்வொரு படியாக இறங்கினாள். விலா வலித்தது, உதட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

தாயம்மா வாசலில் வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாமா இது, ஒதடெல்லாம் இப்டி கீது" என்றாள். கிடந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பவ்யா காலைத் தூக்கி அவன் மேலாகத் தாண்டி வைத்தாள். அவன் இடது கை மெல்ல உயர்ந்தது. அதில் பம்ப் அப்படியே இருந்தது, விழும்போதுகூட அதை விடவில்லை.

"பவ்யா, போகாத" என்றான், ரத்தமும் எச்சிலுமாக. "பம்ப் என்கிட்ட இருக்கு."

"வெச்சுக்கோ" என்றாள்.

வெளியே தாயம்மாவின் புருஷன் துலுக்கானம் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.