தலைமாட்டுக் கயிறு

பாரா தீவில் சாவு வீடென்றால் மாலையில் ஜெபமாலை, பிறகு தேநீர், தணிந்த குரலில் பேச்சு, அவ்வளவுதான். ஆனால் இறந்துபோன லாக்லனின் மனைவி நோரா அயர்லாந்துக்காரி, டொனிகல் கரையில் பிறந்தவள். நாற்பத்தெட்டு வருடம் இந்தத் தீவில் குடித்தனம் நடத்தியும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிறந்த வீட்டு வழக்கத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபமாலை முடிந்ததும் விஸ்கி புட்டியைத் திறந்து வைத்தாள். செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லாமல் யாரும் எழுந்து போகக்கூடாது என்றாள். பாதிரியாரின் ஆட்டைத் தன்னுடையதென்று நினைத்து லாக்லன் மயிர் கத்தரித்து அனுப்பிய கதை வந்தபோது, சிரிப்பை அடக்க முடியாமல் பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அடக்கம். காலையில் லாக்லனின் தம்பி ருவாரி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகளையும் யார் யார் பிடிப்பது என்ற பட்டியல் அது. எட்டும் ஆண்கள். தலைமாட்டுக் கயிறு ருவாரியின் மகன் கேலமுக்கு. கிளாஸ்கோவிலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தான்.

லாக்லனின் ஒரே மகள் ஓய்ரிக் பட்டியலை இரண்டு தடவை படித்தாள்.

"என் பேரைக் காணோமே, சித்தப்பா."

"பொம்பளைங்க கயிறு பிடிக்கிறதில்லம்மா. உனக்குத் தெரியாததா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. அதைத்தான் கேக்கறேன். தலைமாட்டுக் கயிறு யாருக்கு?"

"மூத்த பிள்ளைக்கு."

"எங்கப்பாவுக்கு மூத்த பிள்ளை யாரு?"

அடுப்படியிலிருந்து நோராவின் குரல் வந்தது.

"எங்க ஊர்ல என் அம்மாவைத் தோள்ல தூக்கினதே நாங்க நாலு பொண்ணுங்கதான், கொழுந்தனாரே. பெட்டி ஒண்ணும் கீழ விழுந்துடல."

"அது அயர்லாந்து வழக்கம், அண்ணி. இங்க..."

"ரெண்டு வழக்கத்துக்கும் பொறந்தவ நான்," என்றாள் ஓய்ரிக். குரலை உயர்த்தவில்லை. "இருபத்திரண்டு வருஷமா படகுத்துறையில கயிறு பிடிக்கிறேன். புயல்லகூட நான் கட்டின படகு அவிழ்ந்ததில்ல. நீங்களே அதுலதான் வர்றீங்க, போறீங்க. எங்கப்பாவை எறக்க இந்தக் கை ஆகாதா?"

கேலம் தொண்டையைச் செருமினான். "அப்பா, அவளுக்கே குடுங்க. பெரியப்பாவைப் பார்க்க ஒன்பது வருஷமா வராதவன் நான். தலைமாட்டுல நிக்க எனக்கே கூசுது."

ருவாரி பேனாவை எடுத்து, கால்மாட்டிலிருந்த பெயரை அடித்துவிட்டு அங்கே மகன் பெயரை எழுதினார். தலைமாட்டில் 'ஓய்ரிக், லாக்லனின் மகள், டோனலின் பேத்தி, யூவனின் கொள்ளுப்பேத்தி' என்று தீவு முறைப்படி முழு வம்சத்தையும் எழுதினார். மற்ற ஏழு பேருக்கும் வெறும் பெயர்தான்.

இடுகாடு கடலைப் பார்த்த மணல் மேட்டில் இருந்தது. பெட்டியை ஊரே தோள் மாற்றி மாற்றிச் சுமந்து வந்தது. அயர்லாந்திலிருந்து வந்த நோராவின் தங்கைகளும் ஒரு முறை தோள் கொடுத்தார்கள், யாரும் தடுக்கவில்லை. மேற்கே இருந்து காற்று மணலை வாரி இறைத்தது.

பாதிக் குழிக்குப் பெட்டி இறங்கியபோது ஈர மண்ணில் கேலமின் கால் வழுக்கியது. கயிறு அவன் கையில் சரசரவென்று ஓட, பெட்டியின் கால்பக்கம் சட்டென்று சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"எல்லாரும் நிறுத்துங்க," என்றாள் ஓய்ரிக், துறையில் பேசுகிற அதே நிதானத்தோடு. "கேலம், கயித்தைக் கையில ஒரு சுத்துச் சுத்து. சரி, தாங்கு. சித்தப்பா, உங்க பக்கம் ஒரு சாண் விடுங்க. இன்னும் கொஞ்சம். இப்ப எல்லாரும் சேர்ந்து, மெதுவா."

அறுபத்தொன்பது வயது ருவாரி அவள் சொன்னபடியே விட்டார். பெட்டி நேரானது. அலுங்காமல் அடிமண்ணில் போய் அமர்ந்தது. ஓய்ரிக் தன் கயிற்றை அதன் மேல் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். அழுகை அப்போதுதான் வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. நோரா மகளைப் பார்த்த பார்வையில் துக்கத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது.

திரும்பும் வழியில் ருவாரி அவள் பக்கத்தில் நடந்தார்.

"எனக்கு மூணு பசங்க. தலைமாடு அவனுங்களுக்குப் போகட்டும்," என்றார். "ஆனா அந்த மூணு பேரையும் நம்பி நான் குழிக்குள்ள எறங்க மாட்டேன். எனக்குக் கால்மாட்டுல நீ நில்லு."

"எழுதிக் குடுங்க, சித்தப்பா."

"குடுக்கறேன். நாளைக்கே."