எங்கள் வீட்டுக் கராஜ் சேல்

சனிக்கிழமை காலையில் என் வீட்டுச் சாமான்களை என் மனைவிக்கே விற்கிறவன் நான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் இருப்பவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பழைய சாமான்களைக் கராஜில் பரப்பி மலிவாக விற்கும் கராஜ் சேல் என்றால் என் மனைவி றெஜினாவுக்கு உயிர். கனடாவுக்கு வந்த காலந்தொட்டு, கோடை பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் பிடித்துவைக்க முடியாது. நான் கார் ஓட்டுவேன்; அவள் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் அட்டைகளை வாசித்து வழி சொல்வாள். சட்டியின் அடியைத் தட்டிப் பார்ப்பாள். கோப்பையைக் கவிழ்த்து முத்திரை பார்ப்பாள். குஷன் நாற்காலி என்றால் வெட்கமே இல்லாமல் மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள். பிடித்த சாமானைப் பிடிக்காத மாதிரி வைத்துவிட்டு நடக்கத் தொடங்குவாள். அந்த நேரம் நான் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்பது நிரந்தரக் கட்டளை.

எங்கள் சாப்பாட்டு மேசை, அலுமாரி, மகள் ஸ்டெபனி இருந்து படித்த மேசை எல்லாமே யாரோ ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவைதான். செத்த வீட்டுச் சாமானில் இருக்கமாட்டேன் என்று என் அக்கா ஒருமுறை நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். றெஜினா கவலைப்படவில்லை. அக்காவின் பங்குக் கேக்கையும் தானே சாப்பிட்டாள்.

இப்போது அவளுக்கு மறதி நோய். போன கோடையில் ஒரு சேலில் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்துவிட்டாள். வீட்டுக்காரி தெருவில் வைத்துக் கத்தினாள். நான் ஓடிப்போய் விளக்கம் சொல்ல, றெஜினா பிடிபட்ட கள்ளியைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இனிக் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஆனால் சனிக்கிழமை விடிந்தால் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பையோடு கதவடியில் நிற்பாள். ஆட்களின் பெயர்கள் போய்விட்டன, அடுப்பை நிற்பாட்டத் தெரியாது, சனிக்கிழமை மட்டும் போகவில்லை. அது எப்படி என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அதனால் நானே கடை விரித்தேன். கராஜில் மேசையைப் போட்டு, எங்கள் கோப்பைகளையும் விரிப்புகளையும் பரப்பி, அவளைத் தெருவைச் சுற்றி நடத்திக்கொண்டுவந்து எங்கள் கராஜிலேயே விட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கோப்பையையே கவிழ்த்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கினாள். பின்னேரம் அவள் படுத்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே வியாபாரம்.

இந்த மே மாதம் ஸ்டெபனி ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்தாள். பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டுமாம். அம்மாவுக்கு இது தன் வீடு என்றே தெரியவில்லை, பிறகு எங்கே இருந்தால் என்ன என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். நல்ல பிள்ளைதான். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

"கொம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாளைக்கு ஒரு சாமானையாவது தன்ரை எண்டு சொல்லட்டும், அதோடை உந்தக் கதையை விடு."

"சொல்லாட்டி, அப்பா?"

"சொல்லாட்டி நானே கொண்டுபோய் விடுறன்."

வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்தச் சனிக்கிழமை நான் கோப்பைகளைப் பரப்பவில்லை. றெஜினாவின் கலியாணச் சேலையை வைத்தேன். ஸ்டெபனியின் ஞானஸ்நானச் சட்டையை வைத்தேன். றெஜினா பனிக்காலம் முழுக்க இருந்து பின்னிய கம்பளி விரிப்பை வைத்தேன். கடைசியாக, செபம் சொல்லும் இடத்தில் சிலையாக நின்ற மாதா சுருவத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கை கூசியது. சுவாமியார் ஆசீர்வதித்த சுருவத்தை விலைக்கு வைப்பது எங்களுக்குள் யாரும் செய்யாத காரியம்.

அந்தச் சுருவமும் செத்துப்போன ஓர் இத்தாலியக் கிழவியின் எஸ்டேட் சேலில் கரண்டிப் பெட்டிக்குள் கிடந்ததுதான். றெஜினா தன் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அது. விலைக்கு விற்றால் ஆசீர்வாதம் போய்விடும் என்று நேரே கோயிலுக்குக் கொண்டுபோய் மறுபடி ஆசீர்வதிப்பித்துத்தான் வீட்டுக்குள் எடுத்தாள். அதை விலைமேசையில் கண்டால் கொதிப்பாள், கொதித்தால் ஞாபகம் வரும் என்பது என் கணக்கு.

ஸ்டெபனி அவளைத் தெருவைச் சுற்றிக் கூட்டிவந்தாள். றெஜினா கலியாணச் சேலையை விரித்தாள், சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், மடித்து வைத்தாள். கம்பளி விரிப்பை மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஞானஸ்நானச் சட்டையைத் தொடவேயில்லை. ஸ்டெபனி என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு றெஜினா சுருவத்தைக் கண்டாள்.

"ஆர் இதை இஞ்சை வைச்சது?"

வீட்டை ஆண்ட அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ காலம். நான்தான் வைத்தேன் என்றேன்.

"மாதாவை விக்கிறதே? உங்களுக்கு வெக்கமில்லையே?"

சுருவத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, ஜக்கெற் கையால் அதன் முகத்தைத் துடைத்தாள். ஸ்டெபனி நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அது ஆற்றை மாதா எண்டு சொல்லும் பாப்பம்" என்று, தன்னுடையது என்ற ஒரு சொல்லுக்காகக் கெஞ்சினேன்.

அவள் மேசையைப் பார்த்தாள். சேலை, சட்டை, விரிப்பு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கியது. அந்த இடத்தில் இரக்கம் வந்தது.

"இந்த வீட்டு மனுசி செத்துப்போனாவோ, அண்ணை?"

என்னைத்தான் கேட்டாள். ஸ்டெபனி வாயில் கையை வைத்துக்கொண்டாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நீதானடி அந்த மனுசி என்று தோளைப் பிடித்து உலுப்பியிருக்கலாம். அவளைப் பயப்படுத்துவதைத் தவிர அதனால் ஒன்றும் நடந்திராது. எனக்குக் களைத்துப் போயிற்று.

"ஓம்" என்றேன்.

"பாவம். என்ன பேர்?"

"றெஜினா."

அந்தப் பெயர் அவளை ஒன்றும் செய்யவில்லை. சுருவத்தை மேசையில் நேராக நிறுத்தினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த சீமெந்து நிலத்தில் முழங்காலில் இருந்தாள். இறந்தவர்களுக்கான செபத்தை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லத் தொடங்கினாள். என் பெயரும் பிள்ளையின் பெயரும் தங்காத வாயில் அது மட்டும் முழுதாக இருந்தது. மற்றவர்கள் மறுமொழி சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டெபனி வந்து அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். நானும் இருந்தேன். றெஜினாவின் ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்று, றெஜினாவோடு சேர்ந்து மன்றாடினேன்.