மூன்றாம் மாடிக் கழிவறை

இருநூற்று எண்பது பவுண்டு, இரண்டு வாரக் கூலி பாக்கி. "அந்த டாய்லெட்ட உக்கார வச்சிடு பெருசு, மொத்தமா வாங்கிக்கோ" என்று ஒப்பந்தக்காரன் கில்ராய் சொல்லியிருந்தான்.

ஸ்காட்லாந்தின் டண்டி நகராட்சிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், குளியலறைத் தரையில் குழாய் வேலைக்காரர் இன்னஸ் மண்டியிட்டிருந்தார். பழைய டைல்களைப் பெயர்க்காமல் அவற்றின் மேலேயே புதியதைப் பதித்துவிட்டார்கள். தரை பதினெட்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. சுவரில் இருந்த கழிவுக்குழாய் உயரவில்லை. கழிவறைப் பீங்கானை அந்தக் குழாயோடு சேர்க்கும் ரப்பர் இணைப்பு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்து நின்றது.

"அமுக்கித் தள்ளி சிலிக்கான் பூசு" என்றான் கில்ராய் போனில்.

"கீழ்வீட்டுக்காரன் தலையில ஒழுகும்டா."

"ஒழுகுறப்ப பாத்துக்கலாம்."

கதவருகே கைத்தடியோடு மிஸஸ் பெட்ரி நின்றாள். இடுப்பு அறுவை முடிந்து மூன்று வாரம். "தம்பி, மூணு நாளா வாளியிலதான் போறேன். எதிர்வீட்டுப் பொண்ணுதான் கொண்டு போய் கொட்டுறா. வெக்கமா இருக்குப்பா."

இன்னஸ் கடைக்குப் போய், ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும் கோணல் இணைப்பு ஒன்றைத் தன் பணத்தில் வாங்கிவந்தார். அது கச்சிதமாகப் பொருந்தியது. பீங்கானைத் தரையோடு திருகிப் பிணைக்க, துளைக்கருவி வழுக்காதபடி டைலில் ஒட்டுநாடா ஒட்டி மெதுவாகத் துளையிட்டார். கடைசித் திருகைக் கையால்தான் இறுக்கினார். அப்படியும் 'டக்' என்றது. டைலுக்கு அடியில் நான்கு மூலைகளில் மட்டும் பசை. நடுவில் வெறும் பொந்து. டைலின் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கசியவில்லை, பீங்கானும் ஆடவில்லை. வெளியே வந்து கில்ராயைப் போனில் கூப்பிட்டு விரிசலையும் சொன்னார்.

"புது டைல ஒடச்சிட்டியா?"

"அடியில பசையே இல்லடா. பதிச்சவன கேளு."

"ஒடச்சது நீ. அது ஒத்தக் கல்லா கிடைக்காது, பெட்டியாத்தான் வாங்கணும். பதிக்கிற கூலி வேற. இருநூத்தி எண்பதுக்குச் சரியாப் போச்சு. நமக்குள்ள கணக்குத் தீந்துது."

கில்ராய் அதே மூச்சில் தொடர்ந்தான்: "அந்த விரிசல் மேல ஒரு மிதியடியப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு. இன்னிக்கே நகராட்சிக்கு பில்லு போடணும்."

"அப்ப டைல மாத்தப் போறதில்ல?"

"போட்டோவ அனுப்பு பெருசு."

மிஸஸ் பெட்ரி அதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டிருந்தாள். போன் மறுபடி அடித்தது. இன்னஸ் எடுக்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே, ஈர முழங்காலோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவள் அவசரப்படவில்லை.